வெள்ளத்தில் நின்ற ஸ்விஃப்ட்: வீட்டிலேயே பிரேக் காலிப்பரைக் கழற்றிப் பூட்டிய கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் பாதிச் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, உள்ளே சீட்டும் நனையவில்லை. தப்பித்தோம் என்று நினைத்து, தண்ணீர் வடிந்ததும் கழுவி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். சக்கரத்துக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

சில மாதங்களில் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை. ஒருநாள் ஈ.சி.ஆரில் போய்த் திரும்பி வந்து நிறுத்தியபோது இடது முன்சக்கரத்தின் பக்கம் கருகல் வாடை. கையைக் கிட்டே கொண்டுபோனாலே அனல் அடித்தது. வலது சக்கரமோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வீலைக் கழற்றிப் பார்த்தால், வெளிப்பக்க பிரேக் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, உள்பக்க பேட் கிட்டத்தட்டத் தகடு வரைக்கும் தேய்ந்துவிட்டது.

இப்படி ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்குக் காரணம் உண்டு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பக்கமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். ஸ்விஃப்ட்டில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் நகர்ந்து உள்பக்க பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் (உருண்டையான இரும்புக் கம்பிகளின்) மேல் சறுக்கி வந்து வெளிப்பக்க பேடை டிஸ்கில் அழுத்தும். பின் இறுகிப்போனால் காலிப்பர் நகராது. உள்பக்க பேட் ஒன்றே மொத்த வேலையையும் செய்யும், பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "பேடு மாத்திட்டு காலிப்பருக்கு மேல சிவப்பு பெயின்ட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி இருக்கும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இறுகிப்போன பின்னுக்கு மேல் பெயின்ட் அடித்தால் அடுத்து வருகிறவருக்குக்கூடக் கோளாறு தெரியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. நானே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பேருந்துப் பணிமனையில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் அந்தத் தைரியமே வந்தது.

முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினோம். பேட் தூசியை ஊதவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம்.

பிஸ்டனை வெளியே எடுக்கப் பலர் கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்துகிறார்கள். துப்பாக்கிக் குண்டு போலப் பாயும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும். பிரேக் பெடலே போதும். இரண்டு காலிப்பரையும் பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றாமல் வெளியே இறக்கி, பேட் இருந்த இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்தோம். பிஸ்டன் முக்கால்வாசி வெளியே வந்ததும் மரத்தில் முட்டி நிற்கிற அளவுக்கு அதன் தடிமன். மாமா மெதுவாகப் பெடலை மிதித்தார். வலது பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வந்து மரத்தில் நின்றது. இடது அசையவே இல்லை. வலது நின்ற பிறகு அழுத்தம் ஏற ஏறத்தான் இடதும் முனகிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அப்புறம்தான் ஹோஸைக் கழற்றினோம். ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து, சாதாரண போல்ட் நட்டு போட்டு இறுக்கிவிட்டால் ஆயில் சொட்டாது.

அதைவிடப் பின்கள்தான் பாடாய்ப் படுத்தின. இடது காலிப்பரின் கீழ்ப் பின் கையில் திரும்பவே இல்லை. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன். மறுநாள் ஸ்பானரில் பிடித்து இழுக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பித் திருப்பி வெளியே கொண்டுவந்தேன். வந்த பின்னில் கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை. பழுப்பு நிறத்தில் காய்ந்த சேறு, பல் தேய்த்த பேஸ்ட் உலர்ந்தது போல ஒட்டியிருந்தது. பின்னை மூடும் ரப்பர் உறையான பூட்டில் ஒரு மெல்லிய கீறல் தெரிந்தது. டிசம்பர் தண்ணீர் அந்த வழியாகப் போய் அந்தத் துளைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. சேற்றை விரலில் தேய்த்தபோது மணல் நரநரத்தது. இத்தனை மாதம் இதன் மேல்தான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

பின்களில் எது மேல், எது கீழ் என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் அமைப்பு வேறாக இருக்கும்.

காலிப்பரில் பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறுமனே ஆயில் கசியாமல் தடுக்கிற வளையம் இல்லை அது. சதுர வெட்டுள்ள அந்த ரப்பர், பிஸ்டன் முன்னே போகும்போது அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வளையும். பெடலை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். டிஸ்கில் இருந்து பேட் விலகுவதற்கு வேறு ஸ்பிரிங் கிடையாது. சீல் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் துரு படிந்தால் சீல் வளைய இடம் இருக்காது, பிஸ்டனும் பின்வாங்காது. அந்தப் பள்ளத்தைத் திருப்புளியால் சுரண்டினால் கீறல் விழும். நான் மரப் பல்குச்சியில் துணி சுற்றி, பிரேக் கிளீனர் நனைத்து, வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலிப்பருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட வேண்டிய இடம் அது இல்லை.

வலது பிஸ்டனில் வெறும் கறைதான், புது பிரேக் ஆயில் நனைத்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. இடது பிஸ்டனில் சீல் ஓடும் இடத்திலேயே குரோம் பெயர்ந்து ஊசிமுனைப் பள்ளங்கள். உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "குரோம் போனா போனதுதான் மாப்ள. தேய்ச்சா இன்னும் சீக்கிரம் துரு ஏறும்" என்றார். வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஒரு பிஸ்டன், இரண்டு பக்கத்துக்கும் ரிப்பேர் கிட், பின்னுக்கான சிலிக்கான் கிரீஸ், புது பேட், ஹோஸ் முனைக்கான செம்பு வாஷர்கள் எல்லாம் வாங்கிவந்தேன்.

கிரீஸ் விஷயத்தில் கவனம் தேவை. வீட்டில் இருக்கும் சாதாரண கிரீஸோ, இன்ஜின் ஆயிலோ, மண்ணெண்ணெயோ இந்த ரப்பர்களில் பட்டால் உப்பிப்போகும். உப்பிய ரப்பர் பின்னை மறுபடி இறுக்கும். அதனால் ரப்பர் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் இரும்பின் வெளிப்பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவினேன். அப்புறம் சோப்புத் தண்ணீர், வெயில், கடைசியாக பிரேக் கிளீனர்.

துருவை டிரில்லில் மாட்டும் வயர் பிரஷ்ஷால் எடுத்தேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கம்பி தெறிக்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன் டேப் ஒட்டுவதில் ஒரு மாலை முழுக்கப் போனது. சிலிண்டர் வாய், பின் துளைகள், ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் துளை, ஹோஸ் வாஷர் உட்காரும் முகம், பேட் சறுக்கும் இடங்கள், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் போல்ட் இறுகும் முகம் எல்லாம் பெயின்ட் படாமல் இருக்க வேண்டும். பேட் சறுக்கும் இடத்தில் பெயின்ட் ஏறினால் பேட் சிக்கும். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி போல்ட் தளரும். வெப்பம் தாங்கும் காலிப்பர் பெயின்ட், அடர் சாம்பல் நிறம். மகள் சிவப்பு கேட்டாள். சாம்பலில் ஆயில் கசிவு ஈரமாகத் தெரியும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், சாயங்காலம் அடித்தால் பளபளப்பு மங்கிவிடும். காலை பத்து மணிக்கு மேல், நல்ல வெயிலில், மெல்லியதாக மூன்று கோட்டிங். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் வழியும். டப்பாவில் போட்டிருந்த நேரத்துக்கும் கூடுதலாக இரண்டு நாள் உலரவிட்டேன்.

பூட்டும்போது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து உட்கார வைத்து, பிஸ்டனைக் கைவிரலால் நேராக அழுத்தினேன். சாய்ந்தால் நின்றுவிடும். நின்றால் வெளியே எடுத்து மறுபடி. சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை. சரியாகப் போனால் ஒரு சின்னத் தயக்கம், அப்புறம் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். போல்ட்டுகளை இந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன்.

பிரேக் ஆயில் டாங்க் மூடியிலேயே டாட் 3 என்று ஆயிலின் தரம் எழுதியிருக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். அதனால் புதிதாகப் பிரித்த டப்பாவை மட்டும் ஊற்றினோம்.

ஏர் எடுக்க ஆரம்பித்தோம். மாமா பெடலில், நான் நிப்பிளில். மிதித்துப் பிடி, திற, மூடு, விடு. முக்கால் டப்பா ஆயில் போயும் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. ஒரு மணி நேரம் இதே. கடைசியில் மாமா இறங்கி வந்து சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நிப்பிள் எங்க பாத்து இருக்கு மாப்ள?"

கீழே பார்த்து இருந்தது. இரண்டு காலிப்பரையும் ஒரே மேஜையில் வைத்துப் பெயின்ட் அடித்ததில் இடதும் வலதும் மாறிவிட்டன. மாட்டும்போது ஹோஸ் கொஞ்சம் முறுக்கியபடி நின்றதைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். நிப்பிள் மேலே இருந்தால்தான் மேலே சேரும் காற்று வெளியேறும். கீழே இருந்தால் நாள் முழுக்க மிதித்தாலும் ஆயில்தான் வரும், காற்று உள்ளேயே இருக்கும்.

"எங்க பஸ்ஸுல காத்து இருந்தாத்தான் பிரேக்கு. உங்க கார்ல காத்து இருந்தா பிரேக்கே கிடையாது" என்றார் மாமா. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் இடம் மாற்றி, ஒருமுறை நசுங்கிய வாஷர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வாஷர் வைத்து இறுக்கினோம். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால், தூரமான இடது பக்கம் முதலில், அப்புறம் வலது. நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் குழாயில் குமிழிகள் வரிசையாக வந்து, குறைந்து, நின்றன. பெடல் கல் மாதிரி நின்றது. வலது காலிப்பரில் ஹோஸ் முகத்துக்குப் பக்கத்தில் சிந்திய ஒரு சொட்டு ஆயிலை நான் கவனிக்கவில்லை, அந்த இடத்தில் பெயின்ட் கொப்புளித்துவிட்டது. பிரேக் ஆயில் சிந்தினால் அந்த நிமிஷமே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பேட் டிஸ்கோடு சேரும் வரை பெடலைப் பலமுறை மிதித்தேன். முதலில் தெருவுக்குள், பத்து கிலோமீட்டர் வேகத்தில். அப்புறம் காலியான ரோட்டில் ஐம்பதில் இருந்து பத்துக்குக் குறைப்பது, முழுதாக நிறுத்தாமல், பல தடவை, நடுவில் ஆறவிட்டு. திரும்பி வந்து இரண்டு சக்கரத்துக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோனேன். இரண்டிலும் ஒரே சூடு.

இந்த மழைக்காலம் முடிந்ததும் இடது வீலை மட்டும் கழற்றி, கீழ்ப் பின்னின் போல்ட்டை எடுத்துப் பார்த்தேன். பூட் ஈரமில்லை. பின்னை ஒரு விரலால் தள்ளினேன். உள்ளே போய், விட்டதும் மெதுவாக வெளியே வந்தது.