பூண்டி எவ்வளவு?

என் தையல் கடையில் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்றில் வாடிக்கையாளர்களின் அளவு: தோள், மார்பு, கை, கழுத்து இறக்கம். இன்னொன்றில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றின் அளவு. வடசென்னை மணலி புதுநகரில் பிளவுஸ் தைக்கிறவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று என் தங்கை வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் இருப்பது பெரம்பூரில், இரண்டாவது மாடி. சிரிக்கலாம்.

2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு கடைக்குள் வந்தது. அந்த ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கிற பூண்டி ஏரி நிரம்புகிறது என்று டிவியில் சொன்னபோது, பரவாயில்லை, வெயில் காலத்துக்குக் குடிதண்ணீர் ஆச்சு என்று சொல்லிவிட்டுப் படுத்தவள் நான். மெஷின் மோட்டார் போச்சு, கல்யாண ஆர்டர் பிளவுஸ் ஆறும் போச்சு. தண்ணீர் வடிந்ததும் சுவரில் நின்ற கோட்டை டேப் வைத்து அளந்தேன். 31 அங்குலம். தொழில் பழக்கம்.

அப்புறம்தான் செய்தியில் வரும் எண்களைத் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எல்லாரும் கேட்பது இருப்பு: 35 அடியில் எத்தனை அடி, 3,231 மில்லியன் கன அடியில் எவ்வளவு. எங்களுக்கு அது முக்கியமே இல்லை. வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, இது இரண்டுதான். அந்த நவம்பரில் 30,000 கன அடிக்கு மேல் திறந்தார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம், அதுவும் நொடிக்கு. 9,000 லிட்டர் தண்ணீர் லாரியாகப் போட்டுப் பார்த்தேன், நொடிக்கு 90 லாரிக்கு மேல் வந்தது. தப்பாக இருக்கும் என்று மூன்று தடவை போட்டேன். அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க விட்டால் பூண்டி கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு. அதாவது பெரிய மழையில் பூண்டி தேக்கி வைக்கிற இடமே இல்லை, வந்ததை வந்தபடி அனுப்புகிற வாசல்தான். அதனால் இப்போதெல்லாம் பூண்டியையும் விட்டு இன்னும் மேலே பார்க்கிறேன். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்தச் செய்தி வந்த அன்றே என் நோட்டு திறந்துவிடும்.

பூண்டி மட்டும் என்றாலும் சமாளிக்கலாம். புழல் ஏரியின் உபரி நீரும் வடபெரும்பாக்கம், கொசப்பூர் வழியாக எங்கள் பக்கத்துச் சடையங்குப்பத்துக்குத்தான் வருகிறது. இரண்டு தண்ணீருக்கும் நடுவில் நாங்கள்.

மூன்றாவது கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எண்ணூர்க் குப்பத்து மீனவர் ஒருவர், பேத்தி பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தவர். நோட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, மேலயே பாத்துக்கினு கீற? கடல் வாங்குதா வாங்கலயான்னு பாரு” என்றார். முகத்துவாரத்தில் கடல் ஏறி நிற்கும் நேரம் ஆற்றுத் தண்ணீர் வெளியே போகாது, முதுகு வளைத்துத் திரும்பும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். அதிலிருந்து என் நோட்டில் நாள்காட்டிக்கும் ஒரு பத்தி உண்டு. பாவாடைக்குக் கூலி வாங்கவில்லை.

ஆற்றில் இத்தனை ஆயிரம் கன அடி ஓடுகிறது என்கிறார்களே, அதை யாரும் அள்ளி அளப்பதில்லை. நீர்மட்டத்தின் உயரத்தைப் பார்த்து, அந்த இடத்து ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டத்தின் வேகம் எல்லாம் முன்பே அளந்து போட்டு வைத்த கணக்கில் பொருத்திச் சொல்கிறார்கள். நான் பழைய நோட்டைப் பார்த்துத் துணி வெட்டுகிற மாதிரிதான். ஆள் பெருத்துவிட்டால் பழைய அளவு உதவாது. ஆற்றின் அடியில் மணலும் சாம்பலும் படிந்து மேடாகிவிட்டால், அதே தண்ணீருக்கு மட்டம் கூடுதலாக ஏறும். அப்போது மறுபடி அளவு எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று ஒரு அலுவலகத்தில் கேட்டேன். “நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?” என்றார்கள். டைலரிங் என்றேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சுவரில் இரண்டாவது கோடு விழுந்தது. 26 அங்குலம். இது கறுப்பு, வெள்ளத்தோடு வந்த எண்ணெய். சோப்புத் தூளுக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை மோட்டார் அலமாரி மேலே இருந்தது, துணி மூட்டை தங்கை வீட்டில், பெரம்பூரில். தங்கை வீட்டுக்காரர்தான் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்.

இப்போது ஐப்பசி பிறந்தால் கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு, “பூண்டி எவ்வளவுக்கா?” என்று கேட்கிறார்கள். நான் திறப்பைச் சொல்கிறேன். அவர்களுக்கு இருப்புதான் வேண்டும், திரும்பக் கேட்பார்கள். சரி என்று அதையும் சொல்லிவிட்டு, கை நீளம் எவ்வளவு வைக்கட்டும் என்று டேப்பை எடுப்பேன்.