ஏரிக்கரைக் குறிப்புகள்

ஜனவரி 10

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக விடியும் முன்பே கரையில் நின்றோம். 1987-இல் தொடங்கிய கணக்கெடுப்பு இது; பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, பத்துப் பத்தாக நகர வேண்டும். கிளுவைகள் என்னும் சிறு வாத்துகளைப் பாதி எண்ணியிருந்தபோது சேற்றுப் பூனைப்பருந்து தாழ வந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. சரி, அமரட்டும் என்று காத்திருந்து முதலிலிருந்து எண்ணினோம்.

புதிதாக வந்தவர்கள் அரிய பறவை எங்கே என்று கேட்டார்கள். நாமக்கோழிகளை ஒழுங்காக எண்ணுங்கள் என்றேன். எங்கும் இருக்கிற பறவை குறையத் தொடங்கினால் அதை நாம்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஜனவரி 17

பவளக்கால் உள்ளான் ஒன்றுகூட இல்லை. இந்த முறை தண்ணீர் அதிகம். ஆழமில்லாத சேற்றுத் திட்டுகளில்தான் அதற்கு இரை. படிவத்தில் சுழியம் எழுதி, பக்கத்தில் நீர்மட்டத்தையும் குறித்தோம். கட்டத்தை வெறுமையாக விட்டால், பறவை இல்லையா, நாம் பார்க்கவில்லையா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. நத்தை குத்தி நாரைகள் மட்டும் நிறைய.

மார்ச் 22

வாத்துகள் கிளம்பிவிட்டன. குழுவிலும் பாதிப் பேர் வரவில்லை.

ஜூலை 19

இன்று வராதவர்களை நினைத்து வருத்தமாக இருந்தது. நீளவால் இலைக்கோழி முட்டையிட்டிருக்கிறது! மிதக்கும் இலைகளின் மேல் நான்கு முட்டைகள், ஆண் அடைகாக்கிறது. இந்த இனத்தில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆணின் வேலை. அந்த நீண்ட வாலும் இனப்பெருக்கக் காலத்தில்தான் வளரும். ஜனவரியில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு இந்த ஏரி வலசைப் பறவைகள் தங்கும் இடமாகத்தான் தெரியும். அது ஒரு பிறப்பிடமும்கூட. அதனால்தான் ஆண்டு முழுதும் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

தொலைநோக்கியில் தூரத்திலிருந்தே பார்த்தோம். நாம் நெருங்கினால் ஆண் எழுந்துபோகும், முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

ஜூலை 21

ஏரியில் இலைகளை அகற்றும் வேலை இந்த வாரம் தொடங்கவிருந்தது. முட்டைகள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, அந்த வேலையைச் செய்பவர்களிடம் காட்டினோம். பொரிய ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வடக்கு மூலையை அதுவரை தொடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.