சயாம் மரண ரயில் பாதையை 1:87 அளவில் கட்ட

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். இடமும் எஞ்சினும் அதற்கப்புறம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே போட்ட இந்தப் பாதையை மாதிரியாகக் கட்டுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாலத்தின் ஒரு முனையில் ஆட்கள் மரம் தூக்கிக்கொண்டிருப்பார்கள், மறுமுனையில் பளபளவென்று சி56 என்ற ஜப்பானிய நீராவி எஞ்சின் முழு ரயிலோடு வந்துகொண்டிருக்கும். பாலம் கட்டிக்கொண்டிருந்த மாதத்தில் அந்த இடத்துக்கு ரயில் வந்திருக்காது. 1944இல் ரயில் ஓடியது, ஆனால் அப்போது பாலம் கட்டுகிற கும்பல் அங்கே இல்லை.

பாதை 415 கி.மீ. தாய்லாந்தில் பான் போங்குக்கு அருகே நோங் பிளாடுக்கில் ஒரு முனை, பர்மாவில் தன்பியூசயாத்தில் மறுமுனை. 1942இல் இரண்டு பக்கமிருந்தும் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தாவில் தண்டவாளங்கள் சேர்ந்தன. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். இந்தப் பாதையைக் காட்டும் மாதிரிகளில் அவர்கள்தான் இருப்பதில்லை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

என் பரிந்துரை 1943 ஏப்ரல், வாங் போ பக்கத்து மரக்கால் பாலம். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் குவே நோய் ஆறு, நடுவில் பாறையை ஒட்டியே போகும் மரப்பாலம். 1200 × 400 மி.மீ. பலகையில் அடங்கிவிடும். குவாய் நதிப் பாலம் என்று இன்று எல்லோரும் சொல்லும் தா மகாம் இரும்புப் பாலத்தைக் கட்டத்தான் ஆசை என்றால் இரண்டு விஷயம். ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த 11 கர்டர்களும் (இரும்புச் சட்டகங்கள்) மேலே வளைந்தவை. இன்று நடுவில் தெரியும் இரண்டு நேர்க்கோட்டுக் கர்டர்கள் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. அவை உங்கள் 1943இல் வரக் கூடாது. அந்த இரும்புப் பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்கு குவே யாய் என்ற பெயரும் 1960களில் வந்ததுதான், அன்று அது மே குளோங்.

அளவுக்கு வருவோம். பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். தாய்லாந்திலும் பர்மாவிலும் ஏற்கெனவே இருந்தது அதுதான், இரண்டையும் இணைப்பதுதான் நோக்கம். 1:87இல், அதாவது நிஜத்தை 87இல் ஒரு பங்காகக் குறைத்தால், ஒரு மீட்டர் 11.5 மி.மீ. ஆகிறது. கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதை அதற்குப் போதுமான அளவு நெருக்கம். 9 மி.மீ. பாதையில் ஓடும் 1:150 சி56 மலிவாகக் கிடைக்கும், ஆனால் கணக்குப் போட்டால் அந்தப் பாதை 1350 மி.மீ. அகலம் என்று வரும். மீட்டர் கேஜ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே கண்ணை உறுத்தும். 9 மி.மீ. பாதையை விட மனமில்லையென்றால் 1:120 அளவில் எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், 1080 மி.மீ. என்று வரும், ஏற்கலாம்.

தண்டவாளம் கோட் 55 (உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு) எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோட் 83 போட்டால் 1:87இல் 18 செ.மீ. உயரத் தண்டவாளமாகத் தெரியும், இந்தப் பாதைக்கு அது பொருந்தாது. இங்கே போட்ட தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பிடுங்கிக் கொண்டுவந்தது, பழைய சரக்கு. பெட்டியிலிருந்து எடுத்த தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம் பூசாமல் வைக்காதீர்கள்.

ஸ்லீப்பர் 23 × 2.3 × 1.5 மி.மீ., இடைவெளி 7.5 மி.மீ. 1200 மி.மீ. நீளத்துக்கு 160 வேண்டும். எட்டுக்கு ஒன்று வீதம் 20 ஸ்லீப்பரைச் செப்பு பூசிய சர்க்யூட் பலகையில் வெட்டித் தண்டவாளத்தைப் பற்றவையுங்கள், மீதி 140 மரம். செப்புப் பரப்பின் நடுவில் அரத்தால் ஒரு கோடு இழுத்து மின்தொடர்பை அறுத்துவிட வேண்டும். ஒரே ஒரு ஸ்லீப்பரில் மறந்தாலும் பாதை முழுக்க ஷார்ட் ஆகும், எந்த ஸ்லீப்பர் என்று தேட ஒரு நாள் போகும். ஒவ்வொன்றையும் வைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். மர ஸ்லீப்பர்களின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக வெட்டுங்கள். காட்டில் அறுத்த மரம், ஒன்றுபோல் இருக்காது.

இனி பாலம். கால்சட்டங்களை 57 மி.மீ. இடைவெளியில் நிறுத்தினால் நிஜத்தில் ஐந்து மீட்டர். 600 மி.மீ. பாலத்துக்கு 11 சட்டம். ஒரு சட்டத்துக்கு நான்கு கால், மேலே ஓர் உத்தரம், கீழே ஒரு படுக்கை மரம், குறுக்கே இரண்டு சாய்வு மரம். பாறைப் பக்கத்துக் கால் குட்டை, ஆற்றுப் பக்கத்துக் கால் நெட்டை. அதனால் ஒரே அச்சில் 11 சட்டமும் செய்ய முடியாது. முதலில் பாறையைக் கட்டி முடித்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியாக உயரம் அளந்து, காகிதத்தில் வரைந்து, கார்க் பலகையில் ஒட்டி, மேலே பாலிதீன் விரித்து, குண்டூசிகளுக்கு நடுவே கோத்து ஒட்டுங்கள். பாலத்தை முதலில் கட்டிவிட்டுப் பாறையை அதற்கு ஏற்றபடி செதுக்கினால், கால்கள் பாறையில் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்பது போலவே இருக்கும்.

மரத்துக்குப் பார்பிக்யூ மூங்கில் குச்சி, 3 மி.மீ. தடிமன். நிஜத்தில் 26 செ.மீ. உருளை மரம் என்று ஆகும். ஒரு சட்டத்துக்குச் சுமார் 70 செ.மீ. குச்சி போகும், ஆக 11 சட்டத்துக்கு எட்டு மீட்டருக்குள். வளைந்தது பிளந்தது கழிக்க, 25 செ.மீ. குச்சியில் 45 வாங்குங்கள். மூங்கிலின் பளபளப்புத் தோலில் சாயமும் ஏறாது, ஃபெவிகாலும் பிடிக்காது. 180 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ஒட்டினாலும் மழைக்காலத்தில் மூட்டு விடும். ஒவ்வொரு மூட்டிலும் 0.5 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகினால் அந்தப் பிரச்சினை வராது. வெளியே நீட்டிய கம்பியை மடக்கிவிட்டால், மரங்களைப் பிணைத்த இரும்புக் கொக்கி போலவே தெரியும்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வினிகரில் இரும்புக் கம்பளியை ஊறவைத்து மரத்தைச் சாம்பல் நிறமாக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும், கை தானாக அதற்குப் போகும். போகக் கூடாது. 1943 ஏப்ரலில் அந்த மரம் வெட்டிச் சில வாரம்தான் ஆகியிருக்கும். பச்சை மரம். வெட்டிய முனை மஞ்சள், உடல் இளம் பழுப்பு, அங்கங்கே பட்டை உரியாமல் இருக்கும். திக்கான டீ டிகாக்‌ஷனில் ஒரு முறை முக்கி எடுத்தால் போதும். பட்டைக்கு, பழுப்பு அக்ரிலிக்கில் சலித்த மரத்தூளைக் குழைத்துத் திட்டுத்திட்டாகத் தடவுங்கள். சாம்பல் நிறப் பாலம் போருக்குப் பிந்தைய பாலம்.

பாறைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். கசக்கிய அலுமினியத் தாளில் வார்த்தால் சுண்ணாம்புப் பாறையின் மடிப்பு நன்றாக வரும். வெடி வைத்துப் பிளந்த முகத்தை மட்டும் தனியாகச் செய்ய வேண்டும். சம்மட்டியால் உளி அடித்து வெடிக்குழி போட்ட இடங்களில் பாறையில் பாதிக் குழாய் போன்ற செங்குத்துத் தடம் மிஞ்சும். இந்தப் பாதைக்காகப் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாயில் இன்றும் அதைப் பார்க்கலாம். பிளாஸ்டர் முழுதாக இறுகுமுன் 0.5 மி.மீ. ஊசியால் 10 முதல் 12 மி.மீ. நீளத்துக்கு இழுங்கள். வரிசையாக வேண்டாம், மூன்று இங்கே, இரண்டு அங்கே. இது மனிதக் கை போட்ட தடம் என்று பார்ப்பவருக்குப் புரிய இதைவிட நல்ல வழி இல்லை. உடைந்த கல்லை அப்படியே ஆற்றுப் பக்கச் சரிவில் கொட்டிவிடுங்கள், அன்றும் அப்படித்தான் கொட்டினார்கள்.

சரிவுக்கு வீட்டுத் தோட்டத்து மண்ணே போதும். இரும்பு வாணலியில் இருபது நிமிடம் வறுத்தெடுங்கள், இல்லையென்றால் ஃபெவிகால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் காந்தத்தைப் பையில் சுற்றி மண்ணில் துழாவுங்கள். ஒட்டி வரும் கரும்பொடி எஞ்சின் மோட்டாருக்கு எமன். ஆற்றுக்கு ரெசின், ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் ஊற்றாமல், ஒரு நாள் இடைவெளி விட்டு. ஏப்ரலில் ஆறு தாழ்ந்து பச்சையாக ஓடும், ஜூனில் செம்மண் நிறம்.

எஞ்சின் வைப்பதென்றால் 1943 அக்டோபருக்குப் பிறகு என்று காலத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 1 முதல் 90 வரை எண்ணுள்ள சி56 எஞ்சின்கள்தான் மீட்டர் கேஜுக்கு மாற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பப்பட்டவை. கடையில் வாங்கும் மாதிரியில் 90க்கு மேல் எண் இருந்தால் அது இங்கே அனுப்பப்பட்டதல்ல, எண் தகட்டை மாற்றுங்கள். 31ஆம் எண்ணை மட்டும் ஒட்டாதீர்கள் என்பேன். திறப்பு விழாவில் ஓடிய அந்த எஞ்சின் இன்று டோக்கியோவில், போரில் இறந்த ஜப்பானிய வீரர்களைப் போற்றும் யாசுகுனி கோயிலின் போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த எண்ணைப் போட்டால் உங்கள் மாதிரி யார் பக்கம் நின்று பேசுகிறது என்ற கேள்வி வரும். எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருள் ஏற்றும் டெண்டரில் நிலக்கரி வேண்டாம், விறகு அடுக்குங்கள். பெட்டிகளில் சில மலாயா ரயில்வேயின் எஃப்.எம்.எஸ்.ஆர். எழுத்தோடு இருக்கட்டும், கைதிகளை முப்பது முப்பது பேராக அடைத்துச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை இப்படிப்பட்ட மூடிய சரக்குப் பெட்டிகள்தான். ஓட்டும்போது மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போக வேண்டாம். 1:87இல் அது நொடிக்கு 64 மி.மீ., அதாவது 600 மி.மீ. பாலத்தைக் கடக்க ஒன்பது நொடிக்கு மேல் ஆகும். விசில் ஒலிக்கும் சவுண்டு கார்டைப் பொருத்தாதீர்கள். திரும்பி வராத தாத்தாவைப் பற்றிக் கேட்டு வளர்ந்த ஒருவர் மலேசியாவிலிருந்து வந்து முன்னால் நிற்கக்கூடும்.

ஆட்கள்தான் இதில் மிகக் கடினம். 1:87இல் ஓர் ஆள் 19 மி.மீ. கடையில் விற்பவை நன்றாகச் சாப்பிட்ட ஐரோப்பியப் பயணிகள். வண்ணம் பூசாத பொம்மையை வாங்கித் தொடையையும் தோளையும் கத்தியால் சுரண்டி மெலிய வையுங்கள். கால்சட்டையின் மடிப்பையும் சப்பாத்தையும் முழுக்க வழித்தெடுக்க வேண்டும். எபாக்ஸி களிமண்ணை டால்கம் பவுடர் தூவிக் காகிதம்போல் உருட்டி, 5 மி.மீ. பட்டையாக வெட்டி இடுப்பில் சுற்றினால் கோவணமும் வரும், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியும் வரும். துணி மக்கிப்போனபின் பலர் சாக்கைத்தான் கட்டிக்கொண்டார்கள். அதற்குக் களிமண் மேல் பழைய பல்துலக்கியை லேசாக அழுத்தினால் சாக்கின் இழை தெரியும். தோலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர் மூன்றையும் ஆளுக்கு ஆள் விகிதம் மாற்றிக் கலக்குங்கள். ஒரே நிறத்தில் இருபது பேரை நிறுத்தினால் ஆட்கள் மறைந்து கூட்டம் மட்டும்தான் தெரியும்.

இந்தக் காட்சிக்கு 25 பேராவது வேண்டும். அரிசிச் சாக்கில் இரண்டு மூங்கில் செருகிய தூக்கில் மண் சுமக்கும் ஜோடிகள், கூடைக்காரர்கள், உளி பிடிப்பவரும் சம்மட்டி அடிப்பவரும், மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்க வைப்பவர். சில குடும்பங்களும் போயின, அதனால் குடிசை ஓரத்தில் ஒரு பெண் இருக்கலாம். ஊதுபத்திக் குச்சியும் ஈர்க்குச்சியும் அத்தாப்புக் (ஓலை வேய்ந்த) குடிசைக்கு அருமையான மூங்கில். தேங்காய் நாரை நறுக்கி ஒட்டினால் கூரை. காவலர் ஒருவர் போதும், ஓரத்தில். அடிக்கிற காட்சி வேண்டாம். அந்தக் கொடுமை நடக்கவில்லை என்பதால் இல்லை. 19 மி.மீ. பொம்மையில் அது பொம்மலாட்டமாகிவிடும், கண் அங்கேயே நின்று மற்ற 24 பேரைப் பார்க்காது. மே மாத மழைக்குப் பிறகு காலரா தமிழர் முகாம்களில் எப்படி அள்ளிக்கொண்டு போனது என்பதைப் பிணங்களை வைத்துக் காட்ட வேண்டியதில்லை. காலத்தை ஜூனுக்கு மாற்றி, பாதிக் குடிசைகளில் ஆளில்லாமல், பின்னால் பெயர்ப்பலகை இல்லாத மண்மேடுகளை வையுங்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாகப் பெயரோடு இருக்கின்றன. தமிழர்களுக்கு அப்படி இல்லை. அங்கே வாட் தாவோர்ன் விகாரையில் ஆசியத் தொழிலாளர்களுக்கான பொது நினைவிடம் இருக்கிறது, 2023இல் அதே வளாகத்தில் தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் எழுப்பினார்கள்.

விவரப் பலகை 150 × 80 மி.மீ., கண்ணாடிக்கு வெளியே, சிறுவர் கண் மட்டத்தில். இடமும் மாதமும் முதல் வரி. ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை இரண்டாவது, போர்க்கைதிகள் மூன்றாவது. மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே எழுதுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும்.