ஹைப்பீரியன் படத்திலிருந்து கனிம வரைபடம் எடுத்த அனுபவம்

இஓ-1 செயற்கைக்கோள் 2017-லேயே ஓய்வுபெற்றுவிட்டது. ஆனாலும் அதிலிருந்த ஹைப்பீரியன் சென்சாரின் படங்கள் இலவசம் என்பதால், ஒளியை நூற்றுக்கணக்கான குறுகிய அலைநீளப் பட்டைகளாக (பேண்டுகளாக) பிரித்துப் பதியும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படங்களைக் கையாளப் பழக நல்ல தேர்வு. இதில் வகைப்பாடு (எந்தப் பிக்சலில் எந்தக் கனிமம் என்று பிரிப்பது) கடைசி அரைமணி நேர வேலைதான். மீதி நேரம் முழுக்கப் படத்தைச் சுத்தம் செய்வதிலேயே போகும்.

பதிவிறக்கும்போது புவித்திருத்தம் (வரைபடத்தோடு பொருத்துவது) செய்த எல்1டி கோப்பு வேண்டாம், அது செய்யாத எல்1ஆர் எடுங்கள். எல்1டி-யில் படம் வடக்கு நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். சென்சாரின் நெடுவரிசைகள் சாய்ந்துவிடுவதால் செங்குத்துக் கோடுகளை நீக்குவது பெரும்பாடு. எல்1ஆரில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரே டிடெக்டரிலிருந்து வந்தது. கெட்டுப்போன நெடுவரிசைக்கு இடது, வலது பிக்சல்களின் சராசரியைப் போட்டால் போதும். புவித்திருத்தத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

மொத்தம் 242 பேண்டுகள். அளவுத்திருத்தம் உள்ளவை 8–57, 77–224 மட்டுமே; மற்றவற்றில் வெறும் பூஜ்ஜியம். 77, 78 இரண்டும் 56, 57-இன் அலைநீளங்களில் வந்து விழுவதால் அவற்றையும் விட்டால் மிஞ்சுவது 196. இதிலும் 1400, 1900 நானோமீட்டரை ஒட்டியவை நீராவியால் வீண். எந்தெந்த எண்களை நீக்குவது என்பதில் ஆளுக்கொரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு பேண்டையும் திறந்து கண்ணால் பார்த்து முடிவெடுப்பதே மேல்.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். கோப்பிலுள்ள எண்களிலிருந்து ரேடியன்ஸ் (சென்சாரை வந்தடைந்த ஒளியின் அளவு) பெற விஎன்ஐஆர் (கண்ணுறு ஒளி, அண்மை அகச்சிவப்பு; 8–57) பேண்டுகளை 40-ஆலும், எஸ்டபிள்யூஐஆர் (குற்றலை அகச்சிவப்பு; 77–224) பேண்டுகளை 80-ஆலும் வகுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் 57-க்கும் 79-க்கும் நடுவில், ஏறத்தாழ 930 நானோமீட்டரில், நிறமாலை படிக்கட்டு மாதிரி குதிக்கும். அடுத்து வளிமண்டலத்தின் பாதிப்பை நீக்க வேண்டும். அதற்கான என்வி மென்பொருளின் ஃபிளாஷ் கருவி எதிர்பார்க்கும் அலகு வேறு. அங்கே 400, 800 கொடுக்க வேண்டும். கோப்பு பிஐஎல் அல்லது பிஐபி வடிவில் (பேண்டுகளின் மதிப்புகளை வரிவாரியாகவோ பிக்சல்வாரியாகவோ அடுக்கும் வடிவங்கள்) இருக்கட்டும். தரையின் உயரம் கிலோமீட்டரில் கேட்கப்படுகிறது. பழக்க தோஷத்தில் மீட்டரில் எழுதிவிடாதீர்கள்.

இரைச்சலைப் பிரித்தெடுக்கும் எம்என்எஃப் உருமாற்றத்தை ஓட்டும் முன் படத்தைச் சுற்றியுள்ள பூஜ்ஜியப் பகுதியை மாஸ்க் செய்யுங்கள். முதல் எம்என்எஃப் பேண்டில் இடமிருந்து வலமாக வெளிச்சம் சீராக மாறினால் அது நிலமல்ல, ஸ்மைல் கோளாறு (நெடுவரிசைக்கு நெடுவரிசை அலைநீளம் சற்றே நகர்வது). ஐகன் மதிப்பு (அந்தப் பேண்டில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதன் அளவு) 1-ஐ நெருங்கும் பேண்டுகள் இரைச்சல்தான், தள்ளிவிடலாம்.

இனி வகைப்பாடு. ஒப்பிட எடுக்கும் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) கனிம நிறமாலைத் தொகுப்பு மைக்ரோமீட்டரில் இருக்கும், படமோ நானோமீட்டரில். அலகைச் சரிசெய்து, ஹைப்பீரியனின் பேண்டுகளுக்கு ரீசாம்பிள் செய்த பிறகே ஒப்பிட வேண்டும். களிமண் கனிமங்களைத் தேடுகிறவர்கள் சாம் முறையை (இரு நிறமாலைகளுக்கு இடையிலான கோணத்தை வைத்து ஒப்பிடுவது) முழு அலைநீளத்திலும் ஓட்டினால் நிறமாலையின் பொது வடிவமே கோணத்தைத் தீர்மானித்துவிடும். 2200-இல் உள்ள, கயோலினைட் என்ற களிமண் கனிமத்தின் பள்ளம் அதில் அமுங்கிப்போகும். 2000–2400 நானோமீட்டர் போதும். கோண வரம்பாக வழக்கமாகக் கொடுக்கும் 0.1 ரேடியன் ஏறக்குறைய 5.7 டிகிரி, கயோலினைட்டையும் அலுனைட் என்ற இன்னொரு கனிமத்தையும் பிரிக்க அது ரொம்பத் தளர்வு, குறைத்துப் பாருங்கள். ரூல் படத்தையும் (ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைத்த கோணம் இருக்கும் படம்) சேமித்தால், வரம்பை மாற்றும்போதெல்லாம் மறுபடி முழுதாக ஓட்ட வேண்டியிருக்காது.