ஒரு பாக்கெட் சரி, எத்தனை மில்லி பாலுக்கு?

என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள், 1,180 கிராம். டியூப் வழியாக முழு அளவு பால் போக ஆரம்பித்த பிறகும் எடை நகரவே இல்லை. ஒரு நாள் 5 கிராம் ஏறும், மறுநாள் 8. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 கிராமாவது ஏற வேண்டுமாம். டாக்டர் வந்து "தாய்ப்பாலோட ஃபார்ட்டிஃபையர் சேர்க்கலாம்மா" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பீய்ச்சிய தாய்ப்பாலில் கலக்கிற சத்துப் பொடி அது. நடு ராத்திரியில்கூட எழுந்து பீய்ச்சிக் கொடுக்கிறேனே, அது போதவில்லையா? கடைசி மாதங்களில் வயிற்றுக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டிய புரதம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் இவளுக்குச் சேரவில்லை, வெறும் பாலில் அதை ஈடுகட்டப் பார்த்தால் இந்தக் குட்டி வயிறு அவ்வளவு கொள்ளாது என்று ஒரு நர்ஸ் பொறுமையாகச் சொன்னபோதுதான் மனசு ஆறியது. அங்கே அவர்களே கலந்து கொடுத்தார்கள், எடை ஏறியது, 1,760 கிராமில் வீட்டுக்கு வந்தோம்.

வந்த பிறகுதான் கூத்து. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஹெச்.எம்.எஃப். 1 பாக்கெட்" என்று மட்டும் எழுதியிருந்தது, அந்த ஃபார்ட்டிஃபையரைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள். எத்தனை மில்லிக்கு என்று அவர்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போன கணவர் ஒரு டின்னோடு வந்தார். குறைமாதக் குழந்தைக்கான பால் பவுடர். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னாராம். ஒன்றே இல்லை! அது தண்ணீரில் கரைத்துத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுப்பது, இது தாய்ப்பாலிலேயே கலப்பது. நல்லவேளை, திறப்பதற்கு முன்பே லேபிளைப் படித்துவிட்டேன். மறுபடி அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்கி வந்தார்.

அடுத்த தப்பு என்னுடையது. கையில் இருந்த அளவுக் கப்பில் 50 மில்லிக்குக் கோடு இருந்தது, அதுவரை பாலை ஊற்றி ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினேன். ஒரு வாரம் இப்படியே. எடை பார்க்கப் போனால் மொத்தமே 60 கிராம்தான் ஏறியிருந்தது. "எப்படிக் கலக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார், சொன்னேன். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார், பொடி எழுத்தில் 25 மில்லி. ஒரு வாரம் முழுக்கப் பாதி அளவுதான் போயிருக்கிறது. அழுவதா, யாரையாவது திட்டுவதா என்று தெரியவில்லை. அதிகமாகப் போட்டிருந்தால் இன்னும் சிக்கல் என்றார், பாலின் செறிவு கூடி அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம்.

வீட்டில் கலக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அங்கேயே ஒரு தடவை நர்ஸ் முன் கலந்து காட்டுங்கள். மில்லி அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், பிராண்டுக்குப் பிராண்டு அது மாறும். கப் கோட்டை நம்பாமல் நான் 10 மில்லி சிரிஞ்சில்தான் அளக்கிறேன். இவள் ஒரு வேளைக்கு 35 மில்லி குடிப்பாள், பாக்கெட்டோ 25 மில்லிக்கு, அரைப் பாக்கெட்டைக் கண்ணளவில் பிரிக்கவும் முடியாது. அதனால் 50 மில்லியில் இரண்டு பாக்கெட் போட்டு, 35 கொடுத்துவிட்டு, தொடாத மீதியை உடனே ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வேளைக்குச் சேர்த்துக்கொள்கிறேன். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். கொடுப்பதற்கு முன் மெதுவாகச் சுழற்றுங்கள், கொழுப்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்த வாரம் 205 கிராம். தராசில் எண் நிற்கும்வரை மூச்சே விடவில்லை நான். அந்த டின் மட்டும் இன்னும் அலமாரி மேலே இருக்கிறது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.