காற்றும் கடனும்: என் கடல் நாவல் உருவான விதம்

என் சாகச நாவலைப் படித்தவர்கள் அடிக்கடி கேட்பது, "இதில் வில்லன் யார்?" என்பதுதான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலிருந்து பர்மாவின் ரங்கூனுக்குப் போய்த் திரும்பும் ஒரு பாய்க்கப்பலின் கதை அது. காலம் 1930கள். கடற்கொள்ளையர் கிடையாது, புதையல் கிடையாது. கப்பலில் வருவது அரிசி. பிரதியை முதலில் வாசித்த நண்பர் ஒருவர், ஒரு கடத்தல்காரனையாவது நடுவில் ஏற்றிவிடச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கதையை நகர்த்தக் காற்றும் கடனும் போதும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

காற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் ரங்கூன் வடகிழக்கே இருக்கிறது. வைகாசிக்குப் பிறகு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் பிடித்துவிட்டால் பாயை விரித்துக்கொண்டு போய்விடலாம். திரும்பி வர, வடகிழக்கிலிருந்து வீசும் வாடை வேண்டும். வாடை நிலைகொண்டு சீராக வீசுவது மார்கழி, தை மாதங்களில். இடையில் இருக்கும் ஐப்பசியும் கார்த்திகையும் வங்கக்கடலில் புயல் பிறக்கும் காலம். ஆகவே ரங்கூனில் அரிசி ஏற்றிய கப்பல், ஏற்றிய கையோடு புறப்பட முடியாது. காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டால் கதை தானாக ஓடத் தொடங்கும்.

அந்தக் காரணம்தான் கடன். என் நாவலில் கப்பலின் சொந்தக்காரர் கெட்டவர் அல்லர். கப்பலைப் பழுதுபார்க்கத் தங்கைமாரின் நகைகளை அடகு வைத்திருக்கிறார். பொங்கலுக்கு முன் அரிசி இறங்கினால் நல்ல விலை கிடைக்கும், நகை திரும்பும். கப்பலை நடத்திப் போகும் தலைவரான தண்டையலுக்கு அவர் எழுதும் கடிதத்தில் கட்டளை ஒன்றும் இல்லை, வீட்டு நிலைமை மட்டுமே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தண்டையல் கார்த்திகையிலேயே நங்கூரத்தைத் தூக்குகிறார். எங்கள் ஊர்களில் மனிதரை ஆபத்துக்குள் தள்ளியது பெரும்பாலும் இப்படியான பாசமும் கடனும்தான். கத்தி வைத்திருக்கும் கொள்ளைக்காரனை விட அந்தக் கடிதம் எனக்குப் பயங்கரமாகத் தெரிந்தது.

"அன்னபூரணியை வைத்து எழுதியிருக்கலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தக் கப்பலை அமெரிக்கக் கடலோடியான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாறியது. வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதில் சுயெஸ் கால்வாய் வழியாகப் போய், அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். அதைவிடப் பெரிய சாகசத்தை நான் கற்பனை செய்துவிட முடியாது. ஆனால் அதில் போனவர்களுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பேசாத வார்த்தைகளை அவர்கள் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் கப்பலையும் ஆட்களையும் கற்பனையில் உருவாக்கினேன். அன்னபூரணி என் கதையில் துறைமுகப் பேச்சாக ஓரிடத்தில் வந்து போகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு விசயம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாகத் தெரியும். அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை. கையை நேரே நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலமும் ஏறக்குறைய அதே 10 பாகைதான். வடக்கே போகப் போக நட்சத்திரம் மேலே ஏறும். ரங்கூனில் சுமார் 17 பாகை, குளொஸ்டரில் 42க்கும் மேல். நாலு முட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதை எட்டாது. என் நாவலில் வரும் பதினாலு வயதுப் பெடியன் கதிர்காமு, சமையற்கட்டில் எடுபிடி வேலைக்கு ஏறியவன். படிப்பு இல்லை. ஒவ்வொரு இரவும் முட்டியால் நட்சத்திரத்தை அளக்கத் தண்டையல் அவனுக்குப் பழக்குகிறார். தான் எவ்வளவு தூரம் வடக்கே வந்துவிட்டேன் என்று தன் கையாலேயே அவன் கண்டுபிடிக்கும் அத்தியாயத்தை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோசம், புயலை எழுதும்போதுகூட இருக்கவில்லை. சாகசத்தில் என்னை ஈர்ப்பது இந்த அறிவுதான். துணிச்சல் எல்லாக் கதாநாயகர்களுக்கும் இருக்கிறது.

புயலும் இதே அறிவால்தான் எழுதப்பட வேண்டும் என்று நினைத்தேன். அலை மலைபோல் எழுந்தது, மின்னல் வெட்டியது என்று பக்கத்தை நிரப்பலாம். வாசகருக்கு அதில் ஒன்றும் புரியாது. எங்கள் பக்கக் கடலில் புயல் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் புயலின் மையம் வலது கைப் பக்கம், கொஞ்சம் பின்னால் இருக்கும். தண்டையல் இரவெல்லாம் அதைத்தான் செய்கிறார், நிற்கிறார், முகத்தில் காற்றை வாங்குகிறார். காற்று வடக்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்புகிறது. அப்படியென்றால் கப்பல், புயல் போகும் திசைக்கு இடது பக்கத்தில், தப்பிக்க வழியுள்ள பக்கத்தில் இருக்கிறது. ஆனால் புயல் போய்க்கொண்டிருப்பதோ யாழ்ப்பாணத்தை நோக்கி. வீட்டுப் பக்கம் பிடித்தால் நேரே அதன் பாதைக்குள் போக வேண்டும். பிழைக்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு விலகித் தெற்கே ஓட வேண்டும்.

வீட்டுக்குத் திரும்ப ஒரே வழி, வீட்டிலிருந்து விலகிப் போவது. நாவலின் உயிர் எனக்கு அந்த இடத்தில்தான் கிடைத்தது. அந்த முடிவை மாலுமிகளுக்கு விளங்கவைக்கத் தண்டையலுக்கு நேரம் இல்லை. ஒருவர் சுக்கானைப் பிடுங்க வருகிறார். "ஊருக்குப் போவம் ஐயா, பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள்" என்று கெஞ்சுகிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

அதற்குப் பிறகு அரிசி. கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் நனைந்த அரிசி ஊதும். மூட்டைகள் கனத்து, பலகைகளை உள்ளிருந்தே தள்ளும். அரிசியைக் கடலில் கொட்டாவிட்டால் கப்பல் இல்லை. கொட்டினால் நகை இல்லை. பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தோடு திருகோணமலைக்குள் ஒதுங்குகிறார்கள். அந்த அத்தியாயத்தில் நான் யாரையும் அழவிடவில்லை. மூட்டை தூக்குபவனுக்கு அழ மூச்சு இருக்காது.

இந்த அரிசிக்காகத்தான் கடைசி அத்தியாயத்தை 1942க்குக் கொண்டுபோனேன். அந்த வருட மார்ச்சில் யப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அந்த வரவு நின்றது, பங்கீடு வந்தது. வாலிபனாகிவிட்ட கதிர்காமு கூப்பனோடு வரிசையில் நிற்கிறான். தன் கையால் கடலில் கொட்டிய மூட்டைகள் அவனுக்கு நினைவு வருகின்றன என்று நான் எழுதவில்லை. வரிசை மெதுவாக நகர்கிறது என்று மட்டும் எழுதினேன்.

போர்க்காலக் கடலை ஏன் எழுதவில்லை என்று சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள். அவர்களுக்கு மரியாதையோடு சொல்கிறேன். 1983 முதல் 2009 வரை இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றால் தடை, ரோந்து, இடம்பெயர்வு. அதை எழுத வேண்டும், பலர் எழுதியும் இருக்கிறார்கள். நான் எழுத விரும்பியது அதற்கு முன்னால் இருந்த கடலை. இதே கரையில் பிறந்தவர்கள் காற்றைக் கணித்து, நட்சத்திரம் பார்த்து, கூப்பிட்டாலும் கேட்காத தூரத்துக்குப் போய் வந்தார்கள் என்று இப்போதைய பெடியளுக்குத் தெரிய வேண்டும். நாவலை வாசித்த மாணவி ஒருத்தி, தங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் பனைகள் துருவ நட்சத்திரத்தை மறைக்கின்றன, எங்கே போய் நின்று அளப்பது என்று கேட்டாள். பருத்தித்துறைக் கரைக்கு வடக்கே கடல்தான், அங்கே போய் நில் என்றேன்.

அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டேன். கதை நடப்பது நெடுந்தீவில். குறிகட்டுவானில் படகு ஏறி அங்கே போய் வருகிறேன். கட்டாக்காலிக் குதிரைகள், பவளக்கல் வேலிகள், பெருக்கு மரம் எல்லாவற்றையும் பார்க்கும்போது உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் கதை எங்கே கிடக்கிறது என்று பார்த்தால், அது கோடையில் வற்றும் நீர்நிலைகளைச் சுற்றித்தான். குதிரைக்கும் மனிதருக்கும் தண்ணீர் போதாத ஒரு ஆடி மாதத்தில் முதல் அத்தியாயத்தை வைத்திருக்கிறேன். இதிலும் வில்லன் கிடையாது.