லிஸ்பனில் நடந்தே பார்த்த ஒரு நாள்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்குப் போகிறவர்கள், பழைய பகுதிகளைச் சுற்றிவரும் 28-ஆம் நம்பர் டிராமுக்காக நீண்ட வரிசையில் காத்திருக்கிறார்கள். நான் நடந்தேன். சிவில் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால், 1755-இல் பூகம்பத்தில் இடிந்த ஊரை எப்படித் திரும்பக் கட்டினார்கள் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை.

ரோசியோ சதுக்கத்தை ஒட்டிய சாவோ டொமிங்கோஸ் தேவாலயத்துக்குள் முதலில் போனேன். 1959-இல் தீயில் எரிந்த ஆலயம் இது. கூரையைப் புதிதாகப் போட்டவர்கள், வெடித்தும் பெயர்ந்தும் போன தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் இன்றும் பூசை நடக்கிறது. பூசி மறைக்காத அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அங்கிருந்து மேடேறினால் கார்மோ மடாலயம். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்களின் திருநாள். காலைப் பூசை நேரத்தில் நிலம் குலுங்க, கூரை கீழே வந்தது. திரும்பக் கட்டத் தொடங்கி, 1834-இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டதும் வேலை நின்றுபோனது. இன்றும் கல் வளைவுகளுக்கு மேலே வானம்தான்.

கீழே பைஷா. பூகம்பத்துக்குப் பிறகு, மன்னரின் அமைச்சராக இருந்த பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில், நேர்கோட்டுத் தெருக்களாகப் புதிதாக எழுந்த பகுதி. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழில்களை வைத்தே பெயர்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரியான சாதாரண வீடுகள். ஆனால் சுவருக்குள்ளே மரச்சட்டங்களால் ஆன கூண்டு இருக்கிறது. குறுக்குச் சட்டங்கள் பெருக்கல் குறி போல நிற்கும். நிலம் ஆடினால் மரம் வளைந்துகொடுக்கும், கல் உதிர்ந்தாலும் தளங்கள் நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் சிப்பாய்களை அணிநடை போடவைத்துச் சோதித்ததாகச் சொல்வார்கள். அண்ணாந்து பார்த்தால், வீட்டுக்கு வீடு கூரையைத் தாண்டி எழும்பும் தடுப்புச் சுவர்கள். பூகம்பத்தைத் தொடர்ந்து நாள்கணக்கில் ஊர் எரிந்ததே, அந்தத் தீ இனி அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் யோசித்தவர்களை நினைத்து ஒரு காபியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஆற்றங்கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு அல்ஃபாமா என்ற பழைய மேட்டுப் பகுதிப் பக்கம் ஏறினேன். வழியில் பேராலயத்தின் அருகே சிறிய அந்தோணியார் ஆலயம். உவரியில் நம்மவர்கள் கோடி அற்புதர் என்று கும்பிடும் அதே பதுவை அந்தோணியார் பிறந்தது இந்த ஊரில்தான். பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லப்படும் நிலவறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றேன். உவரி ஞாபகம் வந்தது.

இன்னும் மேலே, சாந்தா லூசியா ஆலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓடுகளால் ஆன படம் ஒன்று: பூகம்பத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கம், ஓரத்தில் அரண்மனையோடு. அந்த அரண்மனை இப்போது இல்லை. போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள்.

அது ஜூன் மாதம். அந்தோணியார் திருவிழாவுக்காக அல்ஃபாமா சந்துகளில் வண்ணத் தோரணங்கள், வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடும் புகை. ரொட்டித் துண்டின் மேல் மீனை வைத்துத் தருகிறார்கள். கையாலேயே சாப்பிட்டேன், இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.